கோல்கீப்பர் அசையக் கூடாது

அன்னை அம்சவேணி பொறியியல் கல்லூரியில் ஹாக்கி ஆட மைதானம் இருந்தது, மட்டை இருந்தது, ஆடுவதற்கு ஆளும் இருந்தது. இல்லாதது அந்தஸ்து ஒன்றுதான். அது இல்லை என்று தாளாளர் நாகப்பனுக்குத் தெரியவந்த நாளிலிருந்து மற்ற மூன்றும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கின.

ஒரகடம் வட்டாரத்தில் நாகப்பனைத் தெரியாத கம்பெனி வாசல் கிடையாது. வெகு காலம் கம்பெனிகளுக்கு ஆள் சப்ளை செய்தவர். விடிந்ததும் வேனில் ஆளை ஏற்றுவார், கேட்டில் இறக்குவார், தலையை எண்ணிக் கொடுப்பார், கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவார். அந்தத் தொழிலில் கொஞ்சம் நிலம் சேர்ந்ததும் தாயார் பெயரில் கல்லூரி கட்டி, அதே வேனில் மாணவர்களை ஏற்றினார். வேனின் பக்கவாட்டில் இருந்த 'மேன்பவர்' என்ற எழுத்தின்மேல் பெயின்ட் அடித்து 'கல்வி' என்று எழுதினார்கள். பெயின்ட் காய்வதற்குள் அவர் கல்வித்தந்தை ஆகிவிட்டார்.

குன்றத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு. முன்வரிசை சோபாவில் இன்னொரு கல்வித்தந்தை இடம் கொடுத்து உட்கார வைத்து, "உங்க காலேஜ் ஹாக்கி எந்த டிவிஷன் சார்?" என்று கேட்டார்.

"செகண்ட் டிவிஷன்."

"ஓ" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விட்டார். அந்த "ஓ" நாகப்பனின் வயிற்றில் விழுந்து கிடந்தது. கல்யாணச் சாப்பாடு செரித்தது, அது செரிக்கவில்லை.

மறுநாளே காலை அசெம்பிளியில் மைக்கைப் பிடித்தார். "மாணவச் செல்வங்களே! இந்த ரோட்டுல எத்தனையோ காலேஜ் கீது... இருக்கிறது. எல்லாம் படிப்பு சொல்லித் தருது. படிப்பு யார் வேணா சொல்லித் தரலாம். அந்தஸ்து யார் தருவா? இந்த வருஷம் நாம ஃபர்ஸ்ட் டிவிஷனுக்குப் போறோம். அதுக்கு என்ன செலவானாலும் நான் பின்வாங்க மாட்டேன். நீங்க கட்டுவீங்க!"

கைதட்டல் எழுந்தது. கடைசி வாக்கியம் புரிந்தவர்கள் தட்டவில்லை. மற்றவர்கள் தட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தில் தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றவன் இசக்கிதுரை. மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம். டீமின் கோல்கீப்பர். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். அந்தப் பக்கம் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே கையில் ஹாக்கி மட்டை இருக்கும் என்று வெளியூரில் சொல்லிக்கொள்வார்கள். மட்டை வாங்க எங்கே போவது, கருவேலங் கம்புதான் இருக்கும். அப்பா தீப்பெட்டிக் கம்பெனி கிடங்கில் லோடு ஏற்றுகிறார். விளையாட்டுக் கோட்டாவில் கிடைத்த சீட்டு இது. டீமில் பெயர் உள்ளவரை ஃபீஸ் கட்ட வேண்டாம், ஹாஸ்டலும் சோறும் இலவசம். டீமில் பெயர் போனால் எல்லாம் போகும். அப்புறம் அப்பா பக்கத்தில் போய் அவனும் முதுகைக் கொடுக்க வேண்டியதுதான்.

அவனுடைய அக்கா முத்துச்செல்வி இருங்காட்டுக்கோட்டையில் ஒரு அறையில் இன்னும் நாலைந்து பெண்களோடு தங்கி, போன் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தாள். அவள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏல தொரை, இந்த ரோட்டுல டிகிரி இருக்கவன் உக்காந்து வேல பாக்கான். இல்லாதவ ஷிப்டு முடியற வரைக்கும் நின்னுகிட்டே பாக்கா. எங்காலப் பாத்தியா, எப்பிடி வீங்கிக் கெடக்குன்னு. நீ உக்காரணும்ல. எப்பிடியாவது அந்தப் பேப்பர வாங்கிட்டு வந்துரு."

"வாங்கிருவேன்க்கா. பந்தத் தடுக்கது என் கையிலதான இருக்கு."

பந்து மட்டும்தான் அவன் கையில் இருந்தது என்று அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

*

முதல் டிவிஷனுக்குப் போக இரண்டு காரியம் நடக்க வேண்டும் என்பது லீக்கின் சட்டம். பிளே-ஆஃப் ஆடி ஜெயிக்க வேண்டும். கல்லூரியில் முதல் டிவிஷனுக்கு உரிய வசதிகள் இருப்பதை லீக்கின் பார்வையாளர் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். முதலாவது செலவில்லாத காரியம் என்பதால் நாகப்பனுக்கு அதில் அவ்வளவாக ஆர்வம் எழவில்லை. இரண்டாவதைக் கவனிக்க ஜனார்தன் என்பவரை நியமித்தார்.

ஜனார்தன் ஒரு கார் பாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுத் துறையில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். யாருடைய விருப்பம் என்று அவர் சொன்னதில்லை. ஹாக்கியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று முதல் நாள் கேட்டுத் தெரிந்துகொண்டார். இரண்டாம் நாள் மட்டை வைக்கும் அலமாரியைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டார். மூன்றாம் நாள் 'பாதுகாப்பே முதல்' என்று கோல்போஸ்டில் பலகை தொங்கவிட்டார். பந்து அந்தப் பலகையில் பட்டுத் திரும்பியதில் அடுத்த லீக் மேட்ச்சில் அணிக்கு ஒரு கோல் தப்பியது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

அதே மேட்ச்சில் இன்னொரு கோல் தப்பவில்லை. மறுநாள் ஜனார்தன் அணியை வகுப்பறையில் உட்கார வைத்துவிட்டு இசக்கிதுரையை மட்டும் எழுப்பி நிறுத்தினார். கம்பெனிகளில் ஒரு பொருள் கெட்டுப்போனால் ஏன், ஏன் என்று ஐந்து தரம் கேட்டு மூலகாரணத்தைப் பிடிப்பார்கள். அதற்கு ஒய்-ஒய் அனாலிசிஸ் என்று பெயர்.

"கோல் ஒரு ரிஜெக்‌ஷன். ஏன் ரிஜெக்‌ஷன் வந்தது?"

"பந்து உள்ள போயிட்டு சார்."

"ஏன் போச்சு?"

"அவன் அடிச்சான் சார்."

"ஏன் அடிச்சான்?"

"அவன் ஃபார்வர்டு சார். அடிக்கதுதான் அவன் வேல."

"ஏன் அவன ஃபார்வர்டா போட்டாங்க?"

"அத அவுக பி.டி. சாரத்தான் கேக்கணும்."

நாலாவது ஏனிலேயே ஜனார்தன் முகத்தில் வெளிச்சம் வந்தது. பலகையில் மூலகாரணம் என்று எழுதி அதன் எதிரே 'எதிரணியின் உடற்கல்வி இயக்குநர்' என்று எழுதிச் சிவப்பு மையால் கட்டம் கட்டினார். இனிமேல் இதுபோல் நிகழாமல் பார்த்துக்கொள்ளும்படி அந்தக் கல்லூரிக்கு ஒரு கடிதமும் போனது.

"மச்சி, இந்த ஆளு மெய்யாலுமே ஹாக்கி மேட்ச் பாத்துகீறானா?" என்று கேட்டான் பக்கத்தில் இருந்த எழிலரசன். படப்பைக்காரன். ஃபுல்பேக். வாய் ஓயாதவன்.

"பாத்திருப்பாரா இருக்கும்."

"எங்க பாத்தாரு, படத்துலயா?"

உடற்கல்வி இயக்குநர் அந்தோணிராஜ் ஜன்னலுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டு சிரிப்பை அடக்கினார். அவரும் தெற்கத்திக்காரர். பல்கலைக்கழக அணியில் ஆடியவர். அந்த வாரம் அவருடைய அறையை விஐபி லவுஞ்ச் ஆக்கியிருந்தார்கள். அவர் வெளியே நின்றதற்குச் சிரிப்பு மட்டும் காரணம் இல்லை.

*

முதலில் மைதானம் போனது. செயற்கைப் புல்தரை போடுவதற்காகத் தோண்டிவிட்டார்கள். டர்ஃப் இல்லாமல் முதல் டிவிஷன் கிடையாது. தோண்டிய இடத்தில் பாய் வந்து இறங்கும்வரை அணி எங்கே பயிற்சி செய்யும் என்று அந்தோணிராஜ் கேட்டதற்கு, "பயிற்சிக்குத் தனியா ஒரு காலம் ஃபிக்ஸ் பண்ணிக்கலாம், இது இன்ஃப்ரா காலம்" என்றார் ஜனார்தன்.

சிப்காட்டில் பாதி போட்டு நின்றுபோன ஒரு ரோடு இருந்தது. கன்டெய்னர் லாரிகள் வரிசையாகத் தூங்கும் இடம். இரண்டு லாரிக்கு நடுவே கோல் என்று வைத்துக்கொண்டு அங்கே ஆடினார்கள். பந்து லாரிக்கு அடியில் போனால் டிரைவர் எழுந்து வண்டியை நகர்த்திக் கொடுப்பார். தார் ரோட்டில் பந்து வருகிற வேகத்தில் இசக்கிதுரையின் கால் பேடு இரண்டும் பஞ்சு தெரியக் கிழிந்தன. ஆனால் கண் பழகிவிட்டது. அந்த வருஷம் லீக்கில் அவனைத் தாண்டிப் போன பந்துகள் சொற்பம்.

அடுத்து மட்டைகள். முதல் டிவிஷன் அணிக்கு நீலக் கோட்டு வேண்டும், மார்பில் சின்னம் வேண்டும். கோட்டு தைத்ததில் மட்டைக்கு ஒதுக்கிய நிதி தீர்ந்தது. உடைந்த மட்டைகளுக்கு எழிலரசன் இன்சுலேஷன் டேப் சுற்றினான். சித்திரை வெயிலில் கோட்டைப் போட்டுக்கொண்டு, டேப் சுற்றிய மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அணி போட்டோவுக்கு நின்றது. வேர்வை கோட்டைத் தாண்டி மட்டையில் இறங்கியது.

கடைசியில் டர்ஃப் வந்தது. பச்சையாக, பளபளவென்று, ஒரு செருப்பும் படாமல் கிடந்தது. அதற்குத் தண்ணீர் அடிக்காமல் ஆடக்கூடாதாம். எவ்வளவு தண்ணீர் என்று கேட்ட வார்டன் தலையில் கைவைத்துக்கொண்டார். போரில் வருகிற தண்ணீர் முழுக்க டர்ஃபுக்குப் போனது. ஹாஸ்டல் குழாய்கள் இருமின. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த மாணவர்கள் மூன்றாம் நாள் காலையில் துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு டர்ஃபின் ஓரத்தில் வந்து வரிசையாக நின்றார்கள். தண்ணீர் பீச்சும் குழல் அவர்கள் பக்கம் சுழன்று வரும்போது நனைவார்கள். மறுபக்கம் போகும்போது சோப்பு போடுவார்கள். திரும்பி வரும்போது அலசிக்கொள்வார்கள். ஒருவருக்கும் கண்ணில் சோப்பு போகவில்லை. எல்லாம் நேரக் கணக்கு. ஆளுக்கும் வேலைக்கும் நேரத்தைப் பங்கிடும் இப்படி ஒரு லைன் பேலன்சிங்கைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று ஜனார்தன் வீடியோ எடுத்துக்கொண்டு போனார்.

இவ்வளவுக்கும் நடுவில், யாரும் பெரிதாகக் கவனிக்காமல், அணி பிளே-ஆஃப் இறுதிக்கு வந்துவிட்டது. மேட்ச் நம்முடைய டர்ஃபிலேயே. எதிரணி வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு மிஷன் கல்லூரி. மண் தரையில் ஆடி வளர்ந்த பிள்ளைகள். அவர்களுடைய பி.டி. ஜாஸ்மின் மேடம் ஒருகாலத்தில் மாநில அணிக்கு ஆடியவர்.

முந்தின நாள் நாகப்பன் அணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இனிப்பு கொடுத்தார். நாலு பேருக்கு ஒரு மைசூர்பா வீதம் வந்தது.

"கண்ணுங்களா, நான் ஒளிச்சுப் பேச மாட்டேன். இவ்ளோ துட்டு எறக்கிக் கீறேன். ஜெயிச்சா, படிப்பு முடியற வரைக்கும் நீங்க நம்ம புள்ளைங்க. தோத்தா, டீம் இன்னாத்துக்கு? கலைச்சிடுவேன். அன்னைலேர்ந்து நீங்க ஃபீஸ் கட்ற புள்ளைங்க. அதுவும் நம்ம புள்ளைங்கதான். நான் பாரபட்சம் பாக்க மாட்டேன்."

இசக்கிதுரை அன்று அக்காவுக்கு போன் செய்தான். அவள் ஓ.டி.யை விட்டுவிட்டு மேட்ச்சுக்கு வருவதாகச் சொன்னாள். "நீ ஒண்ணும் யோசிக்காத. ஒன்னத் தாண்டி எவன் அடிப்பான்?"

*

மேட்ச் அன்று டர்ஃபுக்குத் தண்ணீர் அடிக்கக் குழல்கள் தயாராக இருந்தன. "நில்லுங்க" என்றார் நாகப்பன். "திருஷ்டி கழிக்காம தண்ணி உடுவாங்களா?"

அந்த ரோட்டில் அமாவாசை தோறும் எந்தக் கம்பெனி வாசலிலும் பூசணிக்காய் உடையும். ஜப்பான்காரன் கம்பெனியானாலும் கொரியாக்காரன் கம்பெனியானாலும் உடையும். நாகப்பன் ஆள் சப்ளை செய்த காலத்தில் பூசணியும் அவரே சப்ளை செய்தவர். குங்குமம் திணித்து, உச்சியில் கற்பூரம் கட்டி ஏற்றிய பெரிய காயோடு அவர் கோல்போஸ்ட்டின் எதிரே நடந்தார். உடைக்க எந்த இடம் என்று தேடினார். கோலுக்குக் கொஞ்சம் முன்னால், நட்ட நடுவில், வட்டமாக வெள்ளைப் புள்ளி ஒன்று இருந்தது. அது பெனால்டி ஸ்ட்ரோக் அடிப்பதற்குப் பந்தை வைக்கும் புள்ளி.

"பரவால்லியே, பூஜைக்கு எடம்கூட குறிச்சு வெச்சிருக்காங்க" என்று மெச்சினார்.

டர்ஃப் போட்ட கம்பெனியின் ஆள் தூரத்திலிருந்து "சார், நெருப்பு! சார், பிளாஸ்டிக்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். நாகப்பன் அதைக் கோஷம் என்று நினைத்தார். மூன்று சுற்று சுற்றி, தலைக்கு மேலே தூக்கி, ஓங்கிப் போட்டார்.

பூசணி உடையவில்லை.

டர்ஃபுக்கு அடியில் கால் வலிக்காமல் இருக்க ரப்பர் மெத்தை போட்டிருந்தார்கள். காய் தொம்மென்று விழுந்து, எழும்பி, இன்னொரு தரம் குதித்து, மைதானத்தின் நடுவை நோக்கி உருண்டது. உடையாத திருஷ்டிப் பூசணியை விடப் பெரிய அபசகுனம் உலகத்தில் கிடையாது. "புடிங்கடா! வெளிய போவ வுடாதீங்க!" என்று நாகப்பன் அலற, அலுவலக ஊழியர்கள், சமையற்காரர்கள், ஜனார்தன் எல்லோரும் காயைத் துரத்தினார்கள். அன்றைக்கு அந்த டர்ஃபில் நடந்த மிக வேகமான ஓட்டம் அதுதான். பிடித்துக் கொண்டுவந்து கோல்போஸ்ட் இரும்பில் மோதி உடைத்துவிட்டு எல்லோரும் மூச்சு விட்டுத் திரும்பிப் பார்த்தபோது, காயிலிருந்து தெறித்த கற்பூரம் வெள்ளைப் புள்ளியின்மேல் கிடந்து நிம்மதியாக எரிந்து முடித்திருந்தது. புள்ளி இருந்த இடத்தில் இட்லித் தட்டு அகலத்துக்கு ஒரு ஓட்டை. ஓரமெல்லாம் உருகிக் கறுத்து வரம்பு கட்டியிருந்தது.

வாசலில் லீக் பார்வையாளரின் கார் ஹாரன் அடித்தது.

"வசதி போச்சு, அந்தஸ்து போச்சு" என்று நாகப்பன் புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஜனார்தன் உட்காரவில்லை. இப்படி ஒரு நாளுக்காகவே பிறந்தவர் போல அணியைச் சுற்றிப் பார்த்தார். இசக்கிதுரையின் கால்களில் அவருடைய பார்வை நின்றது.

"பேடு ரெண்டும் சேத்து வெச்சா எவ்ளோ அகலம்?"

"எதுக்கு சார்?"

"இந்த ஓட்டைக்கு ஒரு கவர் வேணும். நீ அது மேல நில்லு. மேட்ச் முடியற வரைக்கும்."

இசக்கிதுரைக்குப் புரியவில்லை. "சார், இங்ஙன நின்னா பின்னால கோல் தொறந்துல்லா கெடக்கும்?"

"கோல்போஸ்ட்டு ஓடியா போவப் போவுது?" என்றார் நாகப்பன், உயிர் வந்தவராக. "கண்ணு, நல்லா கேட்டுக்க. ஜெயிக்கணும். ஆனா அசையக் கூடாது."

"ரெண்டும் எப்பிடி சார் ஒண்ணாச் செய்ய?"

"அது டீமோட பொறுப்பு. மேனேஜ்மென்ட் இலக்குதான் சொல்லும்."

அந்தோணிராஜ் கிட்டே வந்து அவன் காதோடு சொன்னார்: "ஏல, நில்லு. ஆனா பந்து வந்தா நீ கவர் இல்ல, கீப்பர். அவ்வளவுதான் சொல்லுவேன். எனக்கும் சம்பளம் வேணும்."

*

பார்வையாளர் ஸௌந்தரராஜன் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். லீக் கொடுத்த கோட்டும் கழுத்தில் அட்டையுமாக விஐபி லவுஞ்சில் அமர்த்தப்பட்டார். விசில் ஊதியது.

உலகத்தில் எந்த அணியும் ஆடாத விதமாக அம்சவேணி அணி ஆடியது. கோல்கீப்பர் கோலை விட்டு முன்னால் தள்ளி நட்டுவைத்த கம்பம் போல நின்றான். அவனுக்குப் பின்னால் எழிலரசன் தனியாளாக அங்கும் இங்கும் ஓடி மட்டையை வீசினான்.

"டேய், நீ இன்னா சாமி செலையா? அப்டியே நின்னுகினு கீற! எனக்கு நாக்கு தள்ளுதுடா!"

"நவரக் கூடாதுன்னுல்லா சொல்லிருக்காவ!"

மேடையிலிருந்து நாகப்பனின் மைக்: "நமது கோல்கீப்பர் மிகச் சிறப்பாக நிற்கிறார்! பலத்த கரகோஷம்!"

கரகோஷம் அடங்குவதற்குள் எதிரணி ஃபார்வர்டு ஒருவன் வலது பக்கமாக வெட்டிக்கொண்டு உள்ளே வந்தான். எழிலரசன் விழுந்துவிட்டான். வந்தவன் காலிக் கோலைப் பார்த்துப் பந்தைத் தள்ளினான். அது அவசரமில்லாமல் உருண்டு போனது.

"ஏ தொரை! வுட்றாதல!" அது முத்துச்செல்வியின் குரல். ஷிப்டு சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல்.

அவன் பாய்ந்தான். யோசித்திருந்தால் பாய்ந்திருக்க மாட்டான். திரும்பி, ஓடி, உடம்பை முழுக்க நீட்டி விழுந்து கோட்டின் மேலேயே பந்தைக் காலால் வெட்டி வெளியே தள்ளினான்.

"எடத்த வுட்டு நவராதடா! நில்றா!" என்று மைக் அலறியது.

"தாளாளர் என்ன சொல்றார்?" என்று ஸௌந்தரராஜன் கேட்டார்.

"உற்சாகப்படுத்துறார் சார்" என்றார் ஜனார்தன், அவருடைய தட்டில் முந்திரி வைத்து.

பாதி ஆட்டம் முடிந்தது. அணிகள் பக்கம் மாறின. ஹாக்கியில் இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவார்கள் என்பது கல்வித்தந்தைக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. "இன்னாய்யா இது? நம்ம எடத்துல நம்ம கோலுல நிக்க நாம யாரக் கேக்கணும்?" என்று அம்பயரிடம் போய்க் கேட்டார். அம்பயர் அவரைப் பார்த்த பார்வையில் திரும்பி வந்தார். இப்போது ஓட்டை எதிரணிக் கீப்பரின் முன்னால் திறந்து கிடந்தது.

ஜனார்தன் எழிலரசனுக்கு ஆள் அனுப்பினார். எழிலரசன் ஃபுல்பேக்காக இருந்தும் பந்தைத் தள்ளிக்கொண்டு நேராக அந்த இடத்துக்கு ஓடி, யாரும் தொடாமலே "ஐயோ அம்மா" என்று கத்தி ஓட்டையின்மேல் குப்புற விழுந்தான். ஸ்ட்ரெச்சர் வந்தது.

"தூக்கக் கூடாது! எலும்பு முறிஞ்சிருக்கும்! இங்கேயே வெச்சு வைத்தியம் பண்ணணும்!" என்று ஜனார்தன் ஓடிவந்தார்.

"எங்க வலிக்குது?" என்று அம்பயர் கேட்டார்.

"எங்க வலிக்குதுன்னு சொல்லணும் சார்?" என்று எழிலரசன் ஜனார்தனைப் பார்த்தான்.

அம்பயர் அவனுடைய காலைப் பிடித்து இழுத்து ஓரத்தில் போட்டுவிட்டு விசிலை ஊதினார்.

ஆட்டம் முடிகிற தறுவாயில் அம்சவேணி அணிக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. வட்டத்தின் உச்சியிலிருந்து அடித்த அடி நேராக, மட்டமாக, கீப்பரின் பேடை நோக்கிப் போயிற்று. வழியில் கற்பூரம் கட்டிவைத்த கரிய வரம்பில் பட்டது. பட்டதும் துள்ளிக் கீப்பரின் தோளுக்கு மேலே பறந்து வலையில் விழுந்தது.

ஒன்றுக்குப் பூஜ்யம். விசில். முத்துச்செல்வி கம்பி வேலியைத் தாண்டி உள்ளே வந்து தம்பியின் தலைக்கவசத்தில் நாலு அடி அடித்தாள். "வாங்கிட்டல! பேப்பர வாங்கிட்டல!"

ஸௌந்தரராஜன் எழுந்து மெதுவாக நடந்து அந்த இடத்துக்கு வந்தார். குனிந்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். நாகப்பனின் உதடு ஏதோ மந்திரம் சொல்லியது.

"பெனால்டி ஸ்பாட்டைப் பள்ளமாவே பண்ணிருக்கேளா?" என்றார். "எல்லா காலேஜ்லயும் இதே கம்ப்ளைன்ட். பெயின்ட்ல புள்ளி வெப்பா, ஒரு மழைக்கு நிக்காது. இது ஜென்மத்துக்கும் அழியாதே! யாரோட யோசனை?"

"டீம் ஒர்க் சார்" என்றார் ஜனார்தன்.

"இன்னொரு பக்கத்துக்கும் பண்ணிடுங்கோ" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மறுநாளே இன்னொரு பக்கத்துக்கும் கற்பூரம் ஏற்றப்பட்டது.

*

பாராட்டு விழாவில் நாகப்பன் ஒரு பொன்னாடைகூட விடாமல் எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொண்டார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"இது செகண்ட் டிவிஷன் டீமோட கடைசி விழா. இவங்க உழைப்ப மறக்க மாட்டேன். அதனாலதான் இவங்கள இத்தோட கௌரவமா ரிலீவ் பண்றேன்."

இசக்கிதுரை எழுந்து நின்றான். "சார், நாங்கதான சார் ஜெயிச்சோம்?"

"நீங்க ஜெயிச்சது எந்த டிவிஷன் மேட்ச் கண்ணு?"

"செகண்ட் டிவிஷன் சார்."

"செகண்ட் டிவிஷன் மேட்ச்ச ஜெயிக்கிற டீம் எந்த டிவிஷன் டீம்?"

"எட்டாப்புல பாஸானவன ஒம்பதாப்புல ஒக்கார வெப்பாக சார். வேற புள்ளைய கொண்டாந்து ஒக்கார வெக்க மாட்டாகள்ல?"

"அது படிப்பு. இது நிர்வாகம்" என்றார் நாகப்பன் கனிவோடு. "நான் காலமெல்லாம் ஆள் சப்ளை பண்ணவன். கம்பெனியில லைன் மாறினா ஆள் மாறுவான். அதுக்காக யாரும் வருத்தப்பட்டதில்ல. போனவங்களக் கேட்டா தெரியும், ஆனா அவங்க எங்க போனாங்கன்னு தெரியாது."

"படிப்பு முடியற வரைக்கும் நம்ம புள்ளைங்கன்னு சொன்னீகளே சார்?"

"இப்பவும் அதான் சொல்றேன். ஃபீஸ் கட்டு, படி. யாரு வேணான்னது?"

அடுத்த வாரம் வேன் வந்தது. பஞ்சாபிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஒரு சீசன் ஒப்பந்தத்தில் வந்த பையன்கள் இறங்கினார்கள். நாகப்பன் கேட்டில் நின்று பழைய பழக்கத்தில் தலையை எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அவர்களும் இசக்கிதுரையைப் போலவே ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு திருதிருவென்று நின்றார்கள். அவர்கள்மேல் இசக்கிதுரைக்குக் கோபம் வரவில்லை. ஒருவன் அவனிடம் வந்து சைகையில் குளிக்க எங்கே என்று கேட்டான். இசக்கிதுரை டர்ஃபைக் காட்டினான். சோப்பு போடுவதற்கு உரிய நேரத்தையும் சைகையிலேயே சொல்லிக்கொடுத்தான். நீலக் கோட்டைக் கழற்றி அலுவலகத்தில் ஒப்படைத்தான். அளவு சரியாக இருந்ததால் அதை அந்தப் பையனுக்கே கொடுத்தார்கள்.

எழிலரசன் படப்பைக்குப் போய் மாமாவின் ஷேர் ஆட்டோவை ஓட்டத் தொடங்கினான். இசக்கிதுரை பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஹாஸ்டல் வாசலில் உட்கார்ந்திருந்தபோது அந்தோணிராஜ் வந்தார்.

"ஏல, ஜாஸ்மின் மேடம் ஒன்னயக் கேட்டாவ. வாலாஜாபாத்துக்குப் பஸ் ஏறு. நான் சொன்னேன்னு இங்க சொல்லிராத."

*

மிஷன் கல்லூரியின் மைதானம் மண். ஓரத்தில் ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. ஜாஸ்மின் மேடம் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க கீப்பர் இந்த வருஷம் முடிச்சிட்டுப் போறான். டிரான்ஸ்ஃபர் நான் பாத்துக்குறேன். ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டல் உண்டு, சாப்பாடு உண்டு. டிகிரி முடியற வரைக்கும். இது ஃபாதர் வாக்கு, மைக்குல சொன்னது இல்ல."

இசக்கிதுரை ஒரு தரம் ஏமாந்தவன். "மேடம், ஒண்ணு கேக்கலாமா? ஒங்களுக்கு ஃபர்ஸ்ட் டிவிஷனுக்குப் போற எண்ணம் உண்டுமா?"

"ஏன் கேக்கற?"

"போனா எங்களத் தூக்கிருவீக."

மேடம் சிரித்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நாங்க வருஷா வருஷம் பிளே-ஆஃப் ஃபைனல் வர்றோம். வருஷா வருஷம் தோக்கறோம். ஏன்னு யாராவது யோசிச்சாங்களா? ஃபைனலுக்கு வந்தாதான் அட்மிஷன் வரும், அதனால ஃபைனல் வந்தே ஆகணும். ஜெயிச்சா டர்ஃப் போடணும், கோட்டு தெக்கணும், லவுஞ்சு கட்டணும். ஹாஸ்டல வித்தாக்கூட முடியாது. ஃபாதர் ஒரே கண்டிஷன்தான் வெச்சிருக்கார்: ஃபைனல் வரைக்கும் போங்க, அங்க ஜெயிச்சுத் தொலைக்காதீங்க."

"அப்போ அன்னைக்கு ஒங்க ஃபார்வர்டு அப்பிடி வந்து அடிச்சானே மேடம்?"

"ஃபார்வர்டுகளுக்கு நாங்க சொல்றதில்ல. பாவம், சின்னப் பசங்க, ஆசையா ஆடட்டும். கீப்பர் ஒருத்தனுக்கு மட்டும்தான் சொல்லுவோம்."

மைதானத்தில் பையன்கள் புழுதி பறக்க ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுடைய மட்டையிலும் டேப் இல்லை. இசக்கிதுரை கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தான். அக்காவின் கால் நினைவுக்கு வந்தது. லோடு ஏற்றுகிற அப்பாவின் முதுகு நினைவுக்கு வந்தது. இதுவரை அவன் ஒரு கோலைக்கூட வேண்டுமென்றே விட்டதில்லை.

"வருஷத்துக்கு ஒரே ஒரு மேட்ச்சு" என்றார் மேடம். "மத்ததுல எல்லாம் நீ செவுரு மாதிரி நிக்கணும்."

இசக்கிதுரை பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தான்.

"ஒரு கோல் போதுமா மேடம்?"